உப்புநீரை வெல்லும் ஊசி எது?

முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு மூட்டுக்குள்ளேயே போடும் ஊசிகள் இன்று நான்கு வகை. ஸ்டீராய்டு, ஜெல், பிஆர்பி, ஸ்டெம் செல். பெரும்பாலும் இதே வரிசையில்தான் விலையும் ஏறுகிறது. விலை ஏற ஏற வாக்குறுதியும் பெரிதாகிறது. முதலாவது வலியைக் குறைக்கும் என்பார்கள், இரண்டாவது மூட்டுக்கு 'கிரீஸ்' போடும், மூன்றாவது தேய்ந்ததைப் பழுதுபார்க்கும், நான்காவது புதுக் குருத்தெலும்பையே வளர்க்கும். இந்தியாவில் ஐந்து இடங்களில் நடந்து 2016இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 28.7 சதவீதம் பேருக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதாகச் சொன்னது. வாங்குவோர் இவ்வளவு பேர் இருக்கும்போது ஊசிச் சந்தை களைகட்டுவதில் வியப்பில்லை.

'எந்த ஊசி நல்லது?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி பாதியில் நிற்கிறது. எதைவிட நல்லது? ஊசியே போடாமல் இருப்பதைவிடவா, இன்னொரு ஊசியைவிடவா, மருந்தே இல்லாத ஊசியைவிடவா? இந்த மூன்று ஒப்பீடுகளும் மூன்று வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. நாற்பது ஆண்டு ஆய்வுகளில் நடந்த குழப்பத்தில் பெரும்பகுதி, ஒன்றின் விடையை இன்னொன்றின் விடையாகச் சொன்னதால் வந்தது.

முதலில் மருந்தே இல்லாத ஊசியைப் பார்ப்போம். ஆய்வுகளில் ஒப்பீட்டுக்காகப் போடப்படுவது சலைன், அதாவது வெறும் உப்புநீர். அது முழங்காலில் ஒன்றும் செய்யாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்களின் வலி கணிசமாகக் குறைகிறது, பல ஆய்வுகளில் ஆறு மாதம் வரைகூட அந்தக் குறைவு நிற்கிறது. 2015இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் பன்னூரு என்பவரும் சகாக்களும் 137 ஆய்வுகளை, 33,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகத் தொகுத்தார்கள். மாத்திரை வடிவில் கொடுத்த போலி மருந்தைவிட, மூட்டுக்குள் ஊசியாகப் போட்ட போலி மருந்து தெளிவாகக் கூடுதல் பலன் தந்தது என்பது அதில் கிடைத்த முடிவுகளில் ஒன்று. போலிகளுக்குள்ளும் தரவரிசை உண்டு.

காரணம் ஒன்றல்ல. தேய்மான வலி ஏறி இறங்கும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒருவர் மருத்துவரிடம் போகிறார், எதுவும் செய்யாவிட்டாலும் அது சில வாரங்களில் கொஞ்சம் இறங்கியிருக்கும். அடுத்து, ஊசி என்ற சடங்கின் வலிமை. கட்டிலில் படுக்கவைத்து, முட்டியைச் சுற்றி அயோடின் தடவி, சில்லெலும்பின் வெளிப்பக்க விளிம்பை விரலால் தேடிப் பிடித்து, வீங்கியிருந்தால் மஞ்சள் நிற நீரை முதலில் உறிஞ்சி எடுத்து, பிறகு மருந்தை ஏற்றுகிறார்கள். நீரை எடுத்த உடனேயே மூட்டின் இறுக்கம் தளர்ந்துவிடும். மருந்து இன்னும் வேலையே தொடங்கியிருக்காது. அக்கறையுடன் ஒருவர் தன் முட்டியைத் தொட்டுப் பார்த்தார் என்பதும் கணக்கில் வரும். இவையெல்லாம் கற்பனை நிவாரணம் என்று தள்ளத் தேவையில்லை. வலி குறைந்தது உண்மை. ஆனால் அந்தக் குறைவுக்கான பெருமையை மருந்துக் கம்பெனி தன் பெயரில் வரவு வைத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே எந்த ஊசியை எடுத்தாலும், உப்புநீருக்கு மேல் அது எவ்வளவு தருகிறது என்பதுதான் அளவுகோல்.

நால்வகையில் மூத்தது ஸ்டீராய்டு. மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் 1948இல் முடக்குவாத நோயாளிக்கு கார்டிசோன் கொடுத்ததும், 1950இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்ததும் பலருக்குத் தெரியும். மறு ஆண்டே பிலடெல்பியாவின் ஜோசப் ஹாலண்டர், ஹைட்ரோகார்டிசோனை நேராக மூட்டுக்குள் ஏற்றிப் பார்த்த அனுபவத்தை வெளியிட்டார். உடல் முழுவதும் மருந்து பரவாமல் நோயுற்ற இடத்தில் மட்டும் வேலை செய்யவைக்கும் எண்ணம் அது. இன்றைக்குப் புழங்கும் டிரையாம்சினலோனும் மெத்தில்பிரெட்னிசலோனும் அதன் வாரிசுகள். குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. தேய்மானத்தில் வலிப்பது மூட்டைச் சுற்றியுள்ள உறையும் அடியிலுள்ள எலும்பும்தான். உறையின் அழற்சியை ஸ்டீராய்டு தணிக்கிறது. தேய்ந்ததை அது தொடுவதே இல்லை.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பு 27 ஆய்வுகளை, 1,767 பேரை எடுத்துக்கொண்டது. ஒன்றிரண்டு வாரங்களில் மிதமான பலன். நாலு முதல் ஆறு வாரத்தில் அதைவிடக் குறைவு. பதின்மூன்றாவது வாரத்தில் சொற்பம். ஆறு மாதத்தில் ஒன்றுமில்லை. சராசரியாக, நோயாளி தன் வலியின் அளவைக் குறிக்கும் பத்து சென்டிமீட்டர் வலிக்கோட்டில் போலி ஊசியைவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதல் குறைவு. ஆய்வுகளின் தரமும் சுமார்தான் என்று தொகுத்தவர்களே குறிப்பிட்டிருந்தார்கள். டிரையாம்சினலோன் பால் போல வெளுப்பாக இருக்கும், உப்புநீர் தெளிவாக இருக்கும். சிரிஞ்சை மறைக்காவிட்டால் போடுகிறவருக்கும் போட்டுக்கொள்பவருக்கும் எது எது என்று தெரிந்துவிடும். பழைய ஆய்வுகள் எத்தனை இதில் கவனமாக இருந்தனவோ!

மீண்டும் மீண்டும் போட்டால் என்ன ஆகும்? பாஸ்டனின் டஃப்ட்ஸ் மருத்துவ மையத்தைச் சேர்ந்த மெக்அலிண்டன் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துணிந்து சோதித்தது. மூட்டு உறையில் அழற்சியுள்ள 140 பேர். பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம் டிரையாம்சினலோன், மறுபாதிக்கு உப்புநீர், இரண்டு ஆண்டுகள். முடிவில் ஸ்டீராய்டு குழுவில் குருத்தெலும்பின் தடிமன் 0.21 மில்லிமீட்டர் குறைந்திருந்தது, உப்புநீர்க் குழுவில் 0.10. வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

'ஸ்டீராய்டு முட்டியைத் தின்றுவிடும்' என்று சொல்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவது இந்த ஆய்வைத்தான். ஆனால் அதில் வலியை அளந்தது அடுத்த ஊசிக்கு நேரம் வந்தபோது, அதாவது முந்தைய ஊசி போட்டு மூன்று மாதம் கழித்து, அதன் வேகம் அடங்கிய பிறகு. முதல் சில வாரங்களின் நிவாரணத்தை அந்த ஏற்பாடு பார்க்கவே முடியாது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தை நோயாளி உணர்வாரா என்பதும் தனிக் கேள்வி. என் பார்வையில் இந்த ஆய்வு ஒன்றைத்தான் நிறுவுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று காலண்டர் பார்த்து ஸ்டீராய்டு போட்டுக்கொண்டே போவதற்கு நியாயம் இல்லை. எப்போதாவது ஒரு ஊசி போடுவதற்கு எதிராக அது எதுவும் சொல்லவில்லை.

ஜெல் ஊசியின் கதை வேறு தினுசு. ஹையலுரானிக் அமிலத்தை 1934இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தார்கள். மூட்டுத் திரவத்துக்கு வழவழப்பைத் தருவதும் அதே பொருள்தான். தேய்மானம் வந்த மூட்டில் அது நீர்த்துப்போகிறது. ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பலாஸ், அழற்சி உண்டாக்காத அளவுக்கு அதைச் சுத்திகரிக்கும் வழியைக் கண்டார். முதலில் பந்தயக் குதிரைகளின் மூட்டுகள், பிறகு கண் அறுவைசிகிச்சை, அதன் பின்னர் மனித முழங்கால். சேவல் கொண்டை அதன் மூலப்பொருளானது. இன்று பல வகைகள் நுண்ணுயிர் நொதித்தலில் தயாராகின்றன. நீர்த்துப்போன திரவத்தை மாற்றி ஊற்றினால் மூட்டு வழுக்கும் என்ற தர்க்கம் கேட்கவே அழகாக இருக்கிறது. ஆனால் ஏற்றிய ஜெல் சில நாட்களில், மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்த வகை என்றால் சில வாரங்களில், மூட்டை விட்டு வெளியேறிவிடுகிறது. மாதக்கணக்கில் பலன் தரும் என்று சொல்வதற்கு 'கிரீஸ்' விளக்கம் போதாது.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997இல் இதற்கு அனுமதி தந்தபோது மருந்தாக அல்ல, மருத்துவக் கருவியாகத் தந்தது. வழுக்குப்பொருள் என்பது இயந்திர வேலைதானே! 2018 டிசம்பரில் அதே அமைப்பு, இதை இனி மருந்தாகக் கருத எண்ணுகிறோம் என்று அறிவித்தது.

ஆய்வு முடிவுகளின் பக்கம் வந்தால், இங்கே நடந்தது ஒரு பாடநூல் உதாரணம். சிறிய ஆய்வுகளில் ஜெல் பிரமாதமாகத் தெரிந்தது, பெரிய ஆய்வுகளில் மங்கியது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர ஆய்வாளர்கள் 2012இல் 89 ஆய்வுகளைத் தொகுத்தபோது, நடத்தி முடித்தும் வெளியிடப்படாத ஐந்து ஆய்வுகளையும் தேடிப் பிடித்தார்கள். அந்த ஐந்திலும் சேர்ந்து 1,149 பேர். அவற்றில் ஜெல்லுக்கும் போலி ஊசிக்கும் இடையே வேறுபாடு ஏறக்குறைய பூஜ்யம். நல்ல முடிவு அச்சேறுகிறது, சப்பென்ற முடிவு அலமாரியில் தங்குகிறது. 2022இல் பிஎம்ஜே இதழில் வந்த இன்னும் பெரிய தொகுப்பு 169 ஆய்வுகளை, 21,163 பேரை உள்ளடக்கியது. போலி ஊசியோடு ஒப்பிட்ட 24 பெரிய ஆய்வுகளை மட்டும் பிரித்துப் பார்த்தால், நூறு மில்லிமீட்டர் வலிக்கோட்டில் ஜெல் கூடுதலாகத் தந்தது இரண்டு மில்லிமீட்டர். நோயாளி உணரும் குறைந்தபட்ச மாற்றமாக ஆய்வாளர்கள் வைத்திருந்தது ஒன்பது மில்லிமீட்டர். கடுமையான பக்கவிளைவுகள் ஜெல் குழுவில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வருடக்கணக்கில் விடை தெரிந்த பிறகும் ஆயிரக்கணக்கானவர்களை மறுபடி மறுபடி இதே சோதனைக்கு உட்படுத்தினார்கள் என்பதையும் அந்தக் கட்டுரை சுட்டியது. எனக்கு அதுதான் இரண்டு மில்லிமீட்டரைவிட உறுத்துகிறது.

பன்னூரு தொகுப்பில் ஜெல்லும் ஸ்டீராய்டும் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தனவே என்று கேட்கலாம். வாங்கியிருந்தன, வாயால் விழுங்கும் போலி மாத்திரையோடு ஒப்பிட்டபோது. அந்த மதிப்பெண்ணில் கிட்டத்தட்டப் பாதி, ஊசி குத்தியதற்கே உரியது.

பிஆர்பிதான் இப்போது சூடான களம். நோயாளியின் சொந்த ரத்தத்தை எடுத்து, மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து மூட்டுக்குள் ஏற்றுகிறார்கள். தட்டணுக்கள் வளர்ச்சிக் காரணிகளை வெளிவிடும், அவை திசுவைச் சீர்படுத்தும் என்பது எதிர்பார்ப்பு. இதில் முன்னோடி ஆய்வுகளில் ஒன்று நம் நாட்டில் நடந்தது. சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவனத்தின் பட்டேல், தில்லான் குழு 78 பேரின் இரு முழங்கால்களையும் எடுத்துக்கொண்டு, ஒரு பிஆர்பி, இரண்டு பிஆர்பி, உப்புநீர் என்று மூன்றாகப் பிரித்தது. 2013இல் வெளியான முடிவு பிஆர்பிக்குச் சாதகம். ஒரு ஊசிக்கும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆறாவது மாதத்தில் பலன் கொஞ்சம் சரியத் தொடங்கியிருந்தது. உப்புநீர் போட்டவர்களுக்குப் பலனே இல்லை என்பது இந்த ஆய்வின் விசித்திரம், ஏனென்றால் மற்ற இடங்களில் எல்லாம் உப்புநீர் இதைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது.

எட்டு ஆண்டு கழித்து ஆஸ்திரேலியாவிலிருந்து நேரெதிர் விடை வந்தது. கிம் பென்னல் தலைமையில் சிட்னியிலும் மெல்பர்னிலும் 288 பேர். வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி. எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள், உப்புநீர் பெறப்போகிறவரிடமும். சிரிஞ்சின் உள்ளே இருப்பது தெரியாதபடி மூடப்பட்டிருந்தது. ஓராண்டு முடிவில், பூஜ்யம் முதல் பத்து வரையான அளவில் பிஆர்பி குழுவின் வலி 2.1 புள்ளி குறைந்தது, உப்புநீர்க் குழுவில் 1.8. எம்ஆர்ஐயில் அளந்த குருத்தெலும்பு இழப்பு முறையே 1.4 சதவீதமும் 1.2 சதவீதமும். இரண்டிலும் வேறுபாடு என்று சொல்ல ஒன்றுமில்லை.

பிஆர்பி ஆதரவாளர்களின் பதில் உடனே வந்தது. அந்த ஆய்வில் தட்டணுக்களின் அளவு குறைவு, சரியான மருந்தளவு கொடுக்காமல் மருந்து வேலை செய்யவில்லை என்கிறீர்கள் என்றார்கள். இதை எளிதில் ஒதுக்க முடியாது. ஒரு கருவியில் பிரித்த பிஆர்பியும் இன்னொன்றில் பிரித்ததும் ஒன்றல்ல. வெள்ளணுக்கள் சேர்ந்ததா, நீக்கியதா என்பதிலிருந்து எத்தனை கோடித் தட்டணுக்கள் என்பது வரை எல்லாமே மாறும். இந்தியாவில் பன்சல் குழு ஒரு ஊசியில் ஆயிரம் கோடித் தட்டணுக்கள் ஏற்றி, ஓராண்டு நீடித்த பலனை 2021இல் காட்டியது. ஆனால் அவர்கள் ஒப்பிட்டது எதனோடு? ஜெல்லோடு. ஜெல்லே உப்புநீரைத் தாண்டத் திணறும்போது, ஜெல்லைத் தாண்டியதை வைத்து எவ்வளவு முடிவுகட்டலாம்? போதாததற்கு, இத்தாலியின் பொலோன்யாவில் 192 பேரை வைத்து நடந்த ஆய்வில் பிஆர்பியால் ஜெல்லையே தாண்ட முடியவில்லை. நிறைய தட்டணுக்கள், மறைக்கப்பட்ட சிரிஞ்ச், எதிரே உப்புநீர், நூற்றுக்கணக்கான நோயாளிகள் என்ற நான்கும் ஒன்றுசேர்ந்த ஆய்வுகள் கையில் நிறைய வரும்வரை, ஒவ்வொரு ஊசிக்கும் ஆயிரக்கணக்கில் வசூலிக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் வேண்டும்.

நான்காவது வகையைப் பற்றி அதிகம் சொல்லாமல், அதன் உறவுக்காரச் செல் ஊசி ஒன்றுக்குக் கொரியாவில் நேர்ந்ததைச் சொல்கிறேன். கோலோன் நிறுவனத்தின் 'இன்வோசா' என்ற செல் ஊசிக்குத் தென்கொரியா 2017 ஜூலையில் அனுமதி தந்தது. குருத்தெலும்பு செல்களில் வளர்ச்சிக் காரணி ஒன்றின் மரபணுவைப் பொருத்தி மூட்டுக்குள் ஏற்றுவதாக ஆவணங்கள் கூறின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்டுக்கொண்டார்கள். 2019இல் அமெரிக்காவில் ஆய்வுக்காகச் செல்களின் அடையாளத்தைச் சோதித்தபோது, மரபணு பொருத்திய அந்தச் செல்கள் குருத்தெலும்புடையவையே அல்ல, சிறுநீரக வழி வந்த செல்கள் என்று தெரிந்தது. அதே ஆண்டு அனுமதி பறிக்கப்பட்டது. இத்தனை காலமும் நோயாளிகளுக்கு வலி குறைந்ததாகத்தான் பதிவாகியிருந்தது. என்ன செல் என்றே தெரியாமல் போட்ட ஊசிக்கும் முழங்கால் நன்றி சொல்லியிருக்கிறது.

அமெரிக்காவில் மாட்னர் குழு எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகிய மூன்று மூலங்களிலிருந்து எடுத்த செல்களைச் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு 475 பேரிடம் ஒப்பிட்டது. 2023இல் வெளியான முடிவு: ஓராண்டு கழித்து எதுவும் ஸ்டீராய்டைவிட மேலில்லை. இந்தியாவில் பெங்களூரின் ஸ்டெம்ப்யூடிக்ஸ் நிறுவனத்தின் செல் மருந்துக்கு 2022இல் அனுமதி கிடைத்தது, 146 பேரைக் கொண்ட மூன்றாம் கட்ட ஆய்வின் பின்னணியில். அதைத் தவிர்த்து, தெருமுனை மருத்துவமனைகளில் இடுப்பெலும்பிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ எடுத்து அன்றே ஏற்றுவது வேறு சங்கதி. இரண்டுக்கும் 'ஸ்டெம் செல்' என்ற ஒரே பெயர் புழங்குவதுதான் ஆபத்து.

வழிகாட்டு நெறிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. அமெரிக்க வாதநோய்க் கல்லூரி 2019இல் ஸ்டீராய்டை வலுவாகப் பரிந்துரைத்தது, பிஆர்பியையும் ஸ்டெம் செல்லையும் வலுவாக மறுத்தது. அமெரிக்க எலும்பியல் மருத்துவர் அமைப்பு 2021இல் பிஆர்பிக்கு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தது, ஜெல்லை வழக்கமாகப் போட வேண்டாம் என்றது. பிரிட்டனின் சிகிச்சை நெறிமுறை அமைப்பான நைஸ் 2022இல் ஜெல்லைக் கொடுக்கவே கூடாது என்றும், ஸ்டீராய்டை வேறு வழி இல்லாதபோது அல்லது உடற்பயிற்சிக்குத் துணையாக மட்டும் யோசிக்கலாம் என்றும் சொன்னது. ஐரோப்பிய அமைப்புகளில் சில இன்னமும் ஜெல்லை ஆதரிக்கின்றன. மோதல் இருந்தாலும் ஒரு விஷயத்தில் பெரும்பாலும் ஒற்றுமை உண்டு. உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் முதலில்.

இதை 'வழக்கமான உபதேசம்' என்று தள்ளிவிடும் பழக்கம் நமக்கு. 2020இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரிடம் நடந்த ஆய்வு ஸ்டீராய்டு ஊசியையும் ஃபிசியோதெரபியையும் நேருக்கு நேர் நிறுத்தியது. வலியையும் அன்றாடச் சிரமத்தையும் சேர்த்து அளக்கும் 240 புள்ளி அளவில் இரு குழுவும் தொடங்கியது சுமார் 108இல். ஓராண்டில் ஊசிக் குழு 55.8க்கு இறங்கியது, பயிற்சிக் குழு 37.0க்கு. யாருக்கு என்ன சிகிச்சை என்பது எல்லோருக்கும் தெரிந்த ஆய்வு இது. சிகிச்சையாளருடன் கூடுதல் நேரம் கழித்ததும் பயிற்சிக் குழுவுக்கு உதவியிருக்கும். ஊசிகளுக்குக் காட்டிய கடுமையைப் பயிற்சிக்கும் காட்டத்தான் வேண்டும். அப்படிப் பார்த்தாலும், பயிற்சியின் பக்கவிளைவு தொடைத் தசை வலுப்பது.

எடையைப் பொறுத்தவரை, எடைக் குறைப்பு மருந்தான செமாகுளூடைட் பற்றி 2024இல் வந்த ஆய்வு சுவையானது. உடல்பருமனும் முழங்கால் தேய்மானமும் உள்ள 407 பேருக்கு வாரம் ஒருமுறை தோலுக்கடியில் ஊசி. மருந்து பெற்றவர்களுக்கு 68 வாரத்தில் எடை 13.7 சதவீதம் குறைந்தது, நூறு புள்ளி வலி அளவில் 41.7 புள்ளி இறங்கியது. போலி ஊசிக் குழுவில் 27.5. போலிக்கு மேல் 14 புள்ளி. நாம் இதுவரை பார்த்த மூட்டு ஊசிகளில் எதுவும் ஓராண்டுக்கு மேல் இந்த இடைவெளியைக் காட்டவில்லை, இதுவோ மூட்டின் பக்கமே போகவில்லை. விலையும், நிறுத்தினால் எடை திரும்பி ஏறுவதும் தனிச் சிக்கல்கள்.

அப்படியானால் மூட்டு ஊசிக்கு இடமே இல்லையா? இருக்கிறது, குறுகிய இடம். திடீரென வீங்கி, நீர் கோத்து, பயிற்சியைத் தொடங்கவே முடியாத அளவு வலிக்கும் முட்டிக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி சில வார அவகாசம் வாங்கித் தரும். அந்த அவகாசத்தில் பயிற்சியைத் தொடங்கினால் ஊசிக்கு அர்த்தம் உண்டு. ஊசி எந்த வழியாகப் போகிறது என்பதும் முக்கியம். கையால் மட்டும் தடவிப் பார்த்துப் போடும்போது, சில்லெலும்பின் வெளிப்பக்க நடுப்பகுதி வழியாகப் போட்டால் 93 சதவீதம் மூட்டுக்குள் சேர்ந்ததாகவும், முட்டியை மடக்கி முன்பக்கமாகப் போட்டால் 71 முதல் 75 சதவீதம்தான் சேர்ந்ததாகவும் 2002இல் ஒரு ஆய்வு கண்டது. நாலில் ஒன்று மூட்டைச் சுற்றியுள்ள கொழுப்பில் போய் நிற்கிறது.

பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயுள்ள நாடு இது. ஸ்டீராய்டு மூட்டுக்குள் போட்டாலும் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து சில நாட்கள் சர்க்கரையை ஏற்றும். இன்சுலின் போடுகிறவர்கள் அந்த நாட்களில் வீட்டிலேயே அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும், ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் அளவை மாற்றுவது பற்றிப் பேசிவிடுவது நல்லது. மூட்டுக்குள் கிருமித் தொற்று அரிது, ஆனால் ஊசிக்குப் பிறகு முட்டி சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. மூட்டு மாற்று அறுவைசிகிச்சைக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்றால், அதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் மூட்டு ஊசி வேண்டாம். புது மூட்டில் தொற்று வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. அந்த இடைக்கால வலிக்கு மாத்திரையும் கைத்தடியும் போதும்.